நூற்று இருபத்தொன்பது வண்டுகள்

குன்னூரில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது, வேலியோரத்து வாட்டில் மரத்தில் மிளகைவிடச் சிறிய சிவப்பு வண்டு ஒன்று ஊர்ந்து வந்தது. தட்டிவிடப் போன என் கையை நண்பர் சட்டென்று பிடித்துக்கொண்டார். வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். “வேண்டாம் ஸார், நமக்கு உபகாரம் செய்கிறவன் அவன்” என்றார்.

அந்த உபகாரியின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தேன். நான் கதையாக எழுதியிருந்தால் பத்திரிகாசிரியர் நம்பியிருக்க மாட்டார்.

1868-ஐ ஒட்டி, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த செடிகளோடு பஞ்சுச் செதில் பூச்சி கலிபோர்னியாவில் குடியேறியது. முட்டைகளை வெள்ளைப் பஞ்சு மூட்டையாகச் சுமந்துகொண்டு, மரத்தில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சும் ஜீவன் அது. 1880-களில் ஆரஞ்சுத் தோப்புகள் பட்டுப்போக ஆரம்பித்தன. மருந்து தெளித்தார்கள், விஷப்புகை போட்டார்கள். சிலர் மனம் வெறுத்து மரங்களையே வெட்டிக் கொளுத்தினார்கள்.

பிறந்த மண்ணில் இந்தப் பூச்சி இவ்வளவு ஆட்டம் போடவில்லையே, அங்கே அதற்கு ஒரு யமன் இருக்க வேண்டும் என்று கருதினார் அமெரிக்க சர்க்காரின் பூச்சியியல் தலைவர் ரைலி. ஆனால் அவருடைய இலாகாவினர் வெளிநாடு போகப் பணமில்லை என்று காங்கிரஸ் சபை கையை விரித்திருந்தது. ரைலி அடிக்கடி ஐரோப்பா போய் வந்ததில் சபைக்குக் கோபமாம்! நல்லவேளையாக 1888-ல் மெல்போர்னில் பெரிய பொருட்காட்சி ஒன்று நடந்தது. அந்தச் செலவுக் கணக்கில் ஆல்பர்ட் கோபெலே என்ற நிபுணரைக் கப்பலேற்றிவிட்டார்கள்.

அக்டோபர் மாதம் அடிலெய்டில் ஒரு தோட்டத்தில் அவர் சிவப்பு வண்டைக் கண்டார். முதல் தவணையில் 28, பிறகு 44, பிறகு 57. லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் ஆரஞ்சு மரத்தைச் சுற்றித் துணிக் கூடாரம் கட்டி, வண்டுகளை உள்ளே விட்டார்கள். 1889 ஏப்ரலில் கூடாரத்தைத் திறந்தார்கள். ஜூன் மாதத்துக்குள் அங்கிருந்து பத்தாயிரத்துக்கு மேல் வண்டுகள் விநியோகமாகிவிட்டன. 700 வாகன் ஆரஞ்சு அனுப்பிய அந்த ஜில்லா, ஒரே வருஷத்தில் 2000 வாகன் அனுப்பியது. தோப்புக்காரர்கள் கோபெலேக்குத் தங்கக் கடிகாரமும், அவர் மனைவிக்கு வைரக் காதணியும் பரிசளித்தார்கள். காதணி கொடுக்கத் தோன்றியதே, அதுதான் எனக்குப் பிடித்தது. ரைலிக்கு மட்டும் மனஸ்தாபம்.

1920-களின் இறுதியில், தோல் பதனிடும் பட்டைக்காக வளர்த்த நீலகிரி வாட்டில் தோப்புகளை அதே பூச்சி பிடித்தது. கலிபோர்னியாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் இந்த வண்டைத் தருவித்தார்கள். மரம், பூச்சி, வண்டு மூன்றுக்கும் ஆஸ்திரேலியாவே தாய்வீடு!

கலிபோர்னியாவிலோ, யுத்தம் முடிந்து டி.டி.டி. வந்ததும் பழைய உபகாரம் மறந்துபோயிற்று. 1946, 47-ல் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் வேறு பூச்சிகளுக்காக அதைத் தெளித்தார்கள். வண்டுகள் மாண்டன, செதில் பூச்சி மாளவில்லை. மரங்களில் மறுபடியும் வெள்ளைப் பஞ்சு. தோப்புக்காரர்கள் மறுபடியும் சிவப்பு வண்டைத் தேடிக்கொண்டு புறப்பட்டார்கள்.