செம்பூர்க் காற்றை அளந்த கதை

தாராவியில் தோல் பதனிட வந்த திருநெல்வேலியாரையும், மாதுங்காவில் குடியேறி அலுவலகம் சென்ற நடுத்தர வகுப்பினரையும், பின்னர்ச் செம்பூரில் வீடமைத்துக் கொண்டோரையும் பம்பாய்த் தமிழர் வரலாற்றை எழுதுவோர் மறப்பதில்லை. ஆயின், அவர்கள் நாள்தோறும் உட்கொண்ட காற்றின் வரலாற்றை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பிற மாநிலப் பெருநகர்களில் வாழும் நமக்கு அஃது அயலார் கதையன்று.

தொடக்கத்தில் கண்ணே அளவுகோல். பம்பாய்ப் புகைத் தொல்லைச் சட்டம் 1912-ஆம் ஆண்டிலேயே பிறந்தது. பிரெஞ்சுப் பொறியியலார் ரிங்கல்மன் 1888-ல் வகுத்த அட்டை பல நாடுகளில் வழங்கிய காலம் அது. வெண்மையிலிருந்து கருமை வரை படிப்படியாக அமைந்த அதன் கட்டங்களோடு புகைபோக்கியின் புகையை ஒப்பிட்டுப் பார்ப்பர். கரும்புகைக்கு அது போதும். நிறமற்ற கந்தக வாயுவுக்கு அது என் செய்யும்?

இவ்வினா செம்பூரில்தான் கூர்மையுற்றது. அதனை அடுத்த டிராம்பேயில் 1954, 1955-ஆம் ஆண்டுகளில் இரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் தோன்றின. 1956-ல் அனல் மின் நிலையம். அறுபதுகளில் உர ஆலை. அருகே குன்றுகள். பனிக்கால இரவுகளில் காற்று அசைவற்று நிற்க, நிலத்தை ஒட்டிய குளிர்காற்றின் மீது வெப்பக்காற்று மூடிபோல் கவிய, வாயுக்கள் மேலெழ வழியின்றித் தேங்கும். ஊரார் செம்பூரைக் 'கேஸ் சேம்பர்' என்று அழைக்கலாயினர். பெயரின் ஒலியும் அதற்கு இடம் கொடுத்தது.

எழுபதுகளின் பிற்பகுதியில் கே.ஈ.எம். மருத்துவமனையின் டாக்டர் எஸ். ஆர். காமத் குழுவினர், லால்பாக், செம்பூர், கார் ஆகிய பகுதிகளையும் ஒரு நாட்டுப்புறப் பகுதியையும் ஒப்பிட்டு நாலாயிரத்துக்கு மேற்பட்டோரைச் சோதித்தனர். லால்பாகிலும் செம்பூரிலும் இருமலும் மூச்சுத்திணறலும் மிகுந்திருக்கக் கண்டனர். கருவி காட்டிய எண்ணும் மனிதர் மார்பின் நிலையும் ஒரே ஏட்டில் ஏறியதை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

எனினும், புகை எவருடையது என்ற வழக்கு எஞ்சி நின்றது. அதனை அறிய இரு வழிகள் உள. ஆலையும் அடுப்பும் வண்டியும் விடும் புகையைக் கணக்கெடுத்து, காற்றின் திசையையும் வேகத்தையும் கொண்டு அது எங்குச் சென்று படியும் எனக் கணிதத்தால் கூறுவது ஒன்று. மற்றது இதற்கு நேர்மாறு; வடிதாளில் படிந்த தூசியைப் பகுத்து மூலத்தை உணர்வது. சாம்பாரை நாவில் வைத்த மாத்திரத்தில், பொடியில் மல்லி மிகுந்ததா வெந்தயம் மிகுந்ததா என நம் பாட்டிமார் உரைப்பரன்றோ? அவ்வாறே சோடியமும் குளோரினும் கடலுப்பைக் காட்டும். சிலிக்கனும் அலுமினியமும் மண்ணைக் காட்டும். வனேடியமும் நிக்கலும் உலை எண்ணெயைக் காட்டிக் கொடுக்கும்.

தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் மும்பையில் தாராவி, மாஹுல் உள்ளிட்ட ஏழு இடங்களில் இவ்விரு வழிகளையும் கையாண்டு, 2010-ல் அறிக்கை தந்தது. பலரும் எதிர்பாராத வகையில், சாலைப் புழுதிக்கும் அதில் பெரும்பங்கு இருந்தது. ஆனால் தூசியின் கணக்கு தூசிக்கே பொருந்தும். எண்ணெய்த் தொட்டிகளினின்று கசியும் ஆவி வடிதாளில் தங்குவதில்லை.

சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டிய மாஹுலில் 2013-ல் கே.ஈ.எம். மருத்துவர்கள் நடத்திய ஆய்வில், 67.1 விழுக்காட்டினர் மாதத்தில் மும்முறைக்கு மேல் மூச்சுத்திணறல் உற்றதாகக் கூறினர். அங்குள்ளோரின் உடல்நலத்துக்குக் காற்றால் ஊறு உண்டென 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஏற்றது. ஆயினும், தான்சா குடிநீர்க் குழாய் ஓரத்திலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்களை 2017-ல் அம்மாஹுலிலேயே குடியமர்த்தினர். அங்கு வாழ மறுத்தோர்க்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை அளிக்குமாறு பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-ல் ஆணையிட்டது.