திரும்பி வந்த பத்து பீஸ்

பூந்தமல்லி தாண்டி பெங்களூரு ஹைவேல போனா தண்டலம். அடுத்து இருங்காட்டுக்கோட்டை. அங்க ஹூண்டாய் 1998ல கார் தயாரிக்கத் தொடங்கியது. இந்தப் பக்கத்துல பெரிய ஆலைகளுக்கு பாகம் செஞ்சு கொடுக்குற சின்ன யூனிட்டுகளுக்கு நல்லா தெரிஞ்ச வார்த்தை, ரிஜெக்‌ஷன். அனுப்பின சரக்கு திரும்பி வந்தா கணக்குல எங்க எழுதுறது? இந்த எபிசோடு அதைப் பத்திதான்.

ஒரு உதாரணம் வெச்சுக்குவோம். 100 பிராக்கெட், ஒண்ணு 500 ரூபாய். பில் 50,000. ஜிஎஸ்டி 18 சதவீதம்னா வரி 9,000. அதுல 10 பீஸ் திரும்பி வருது. இப்போ 5,000 ரூபாயும், அதுக்கான வரி 900 ரூபாயும் குறையணும். பழைய பில்லையே 90 பீஸ்னு திருத்திட்டா போதும்னுதான் நானும் முதல்ல நினைச்சேன். சிலர் 5,900 ரூபாயைச் செலவுல போட்டுடுவாங்க. ரெண்டும் தப்பு.

ஏன்னு புரிய 1494க்குப் போகணும். வெனிஸ்ல அந்த வருஷம் அச்சான தன் புத்தகத்துல, லூகா பச்சோலி இரட்டைப் பதிவு முறையை விளக்கினார். தப்பான பதிவை அழிக்கக் கூடாது; எதிர்ப்பக்கத்துல இன்னொரு பதிவு போட்டுச் சரிக்கட்டணும். பிளஸ் ஒன்ல கணக்குப்பதிவியல் படிச்சவங்களுக்கு ‘விற்பனைத் திருப்ப ஏடு’ ஞாபகம் இருக்கும். வித்ததுக்கு ஒரு ஏடு, திரும்பினதுக்குத் தனி ஏடு. விற்பனையிலேயே கழிச்சுட்டா, எவ்வளவு சரக்கு திரும்புதுன்னு முதலாளிக்கே தெரியாம போயிடும்.

அந்த ஏடு அப்புறம் கம்ப்யூட்டருக்குள்ள வந்தது. ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர பாகமும் சப்ளை பண்ணின ஷியாம் சுந்தர் கோயங்காவுக்கு, தன் கணக்குக்கு ஏத்த சாஃப்ட்வேர் கிடைக்கல. மகன் பரத் எழுதிக் கொடுத்தார். 1986ல பெங்களூருவில் தொடங்கின அந்த நிறுவனம்தான் இன்னிக்கு டேலி. அதுல திருப்ப ஏட்டோட வேலையை ‘கிரெடிட் நோட்’ வவுச்சர் செய்யுது. பழைய பில் அப்படியே இருக்கும். திரும்பினது அதோட எண்ணைச் சுட்டித் தனியா பதிவாகும்.

2017 ஜூலை 1ல ஜிஎஸ்டி வந்ததும் இது வெறும் ஒழுங்கு விஷயமா இல்லாம, காசு விஷயமாச்சு. சட்டத்தோட 34-வது பிரிவுப்படி, வாங்கின கம்பெனி டெபிட் நோட் அனுப்பினா மட்டும் வித்தவரோட வரி குறையாது. வித்தவர் கிரெடிட் நோட் போட்டு ரிட்டர்ன்ல காட்டணும். வாங்கினவரும் தான் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பணும். இதுக்குக் கெடு, சரக்கு வித்த நிதியாண்டு முடிஞ்சு வர்ற நவம்பர் 30. ஆண்டு ரிட்டர்னை அதுக்கு முன்னாடியே தாக்கல் பண்ணிட்டா, அந்தத் தேதி.

செலவுல எழுதினவருக்கு என்ன ஆகும்? திரும்பி வந்த சரக்குக்கும் வரி கட்டியிருப்பார். கெடு தாண்டினா அந்த 900 ரூபாயைக் குறைக்க வழியில்ல. ஒவ்வொரு லோடுலயும் பத்து பீஸ் திரும்பினா வருஷத்துக்கு எவ்வளவுன்னு நீங்களே பெருக்கிப் பாருங்க.

பில்லைத் திருத்தினவருக்கு வேற சிக்கல். அவர் தாக்கல் பண்ணின ரிட்டர்ன்ல 100 பீஸ், புத்தகத்துல 90. பதிவு பெற்ற கம்பெனின்னா, 2023 ஏப்ரல் 1லேர்ந்து யார், எப்போ, என்ன மாத்தினாங்கன்னு சாஃப்ட்வேரே பதிஞ்சு வெச்சாகணும். அதை அணைக்கவும் கூடாது.

உங்க வீட்டுல யாராவது சின்னதா தொழில் பண்றாங்கன்னா, ஒண்ணு மட்டும் கேளுங்க: போன வருஷம் திரும்பி வந்த சரக்கு எல்லாத்துக்கும் கிரெடிட் நோட் போட்டாச்சா? இல்லைன்னா, நவம்பர் 30க்குள்ள உட்காரச் சொல்லுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.