ரெண்டு சிம் யாருடைய யோசனை?

போன் கம்பெனிகள் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பி அடிக்கிற கதைன்னா எல்லாரும் ஆப்பிள், சாம்சங் வழக்குல இருந்துதான் ஆரம்பிப்பாங்க. நான் மதுரையில இருந்து ஆரம்பிக்கிறேன். ஏன்னா எங்க முண்டியம்பாக்கம் பக்கத்து ஜனங்க தேவைப்பட்டு, தேடிப்போய் வாங்கின வசதி வழவழப்பான மூலையோ, தொடுதிரையோ இல்லை. ஒரே போன்ல ரெண்டு சிம்.

2008, 2009 வாக்குல இங்க சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏத்திட்டு வர்றவங்க சட்டைப்பையில ரெண்டு போன் இருக்கும். ஒண்ணு, சொந்தபந்தம், ஆலை, வியாபாரி எல்லாருக்கும் தெரிஞ்ச நம்பர். இன்னொண்ணு, அந்த மாசம் எந்தக் கம்பெனி கால் ரேட்டைக் குறைச்சிருக்கோ அது. நம்பரை மாத்தாமலே கம்பெனி மாறுற வசதி நாடு முழுக்க வந்தது 2011 ஜனவரியில. அதுக்கு முன்னாடி கம்பெனியை விட்டா நம்பரும் போச்சு. இந்தச் சிக்கலுக்கு ரெண்டு சிம்தான் ஏழைகளோட பதில்.

இதை முதல்ல போன்ல கொண்டுவந்தவங்க சீனாக்காரங்க இல்லை. 2000லேயே பெனிஃபோன்னு ஒரு சின்ன பின்லாந்து கம்பெனி, ட்வின் என்ற பெயர்ல ரெண்டு சிம் போடுற போனைக் கொண்டுவந்தது. நோக்கியாவும் பின்லாந்துதான். சொந்த ஊர்ல நடந்ததை நோக்கியா ரொம்ப வருஷம் கண்டுக்கவே இல்லை. கண்டுக்கிட்டது சீனாவோட சின்னச் சின்னத் தொழிற்சாலைகள். தைவானின் மீடியாடெக் கம்பெனி சிப்போட சேர்த்து போனுக்கான வடிவமைப்பையும் கிட்டத்தட்ட முழுசாவே கொடுத்ததால, யார் வேணும்னாலும் போன் செய்யலாம்னு ஆயிடுச்சு. நம்ம 'சைனா செட்' அப்படி வந்ததுதான். (அதுல பலதுக்கு ஐஎம்இஐ எண்ணே கிடையாது. 2009 டிசம்பர்ல இருந்து அரசு அந்த போன்களுக்கு இணைப்பைத் துண்டிக்கச் சொன்னது.) மைக்ரோமேக்ஸ், ஸ்பைஸ் மாதிரி இந்தியக் கம்பெனிகளும் அதே வழியில இறங்கினாங்க. சாம்சங்கும் இறங்கியது.

இந்த இடத்துலதான் மதுரை வருது. மதுரையைச் சேர்ந்த எஸ். ராம்குமார், ஒரே போன்ல பல சிம் போடுற அமைப்புக்கு 2002ல காப்புரிமை கேட்டு விண்ணப்பிச்சார். 2008ல கிடைச்சது. 2007ல வந்த ஒரு சுங்க விதிப்படி, காப்புரிமை வச்சிருக்கவர் அதைச் சுங்கத்துறையில பதிவு செஞ்சா, மீறுற சரக்கைத் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் நிறுத்தச் சொல்லலாம். அவர் பதிவு செஞ்சார். 2009ல வெளிநாட்டுல இருந்து வந்த ரெண்டு சிம் போன்கள் சுங்கத்துல சிக்கின. சென்னை உயர் நீதிமன்றத்துல வழக்கு நடந்தது. சாம்சங், மைக்ரோமேக்ஸ், ஸ்பைஸ் எல்லாம் ஒரு தனி மனுஷனுக்கு எதிரா நின்னாங்க. அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2012ல அந்தக் காப்புரிமையை ரத்து செஞ்சது.

ரத்து சரிதான்னு நினைக்கிறேன். 2000லேயே கடைக்கு வந்த ஒண்ணை 2002ல ஒருத்தர் மொத்தமா தனக்குன்னு கேக்க முடியாது. ஆனா இன்னொண்ணும் சொல்லணும். காப்புரிமை செல்லுமா செல்லாதான்னு முடிவாகிறதுக்கு முன்னாடியே சரக்கை நிறுத்துற அதிகாரம் சுங்க அதிகாரி கையில இருந்ததே, அதுதான் எனக்கு உறுத்துது. ஒரு போனைப் பார்த்து இது காப்புரிமையை மீறுதான்னு அவர் எப்படிச் சொல்வார்? 2018ல அந்த விதியில இருந்து காப்புரிமையையே எடுத்துட்டாங்க.

நோக்கியா கடைசியா 2010ல சி1-00 கொண்டுவந்தது. ரெண்டு சிம் போடலாம், ஆனா ஒரு நேரத்துல ஒண்ணுதான் வேலை செய்யும். கடைக்காரர்கிட்ட இதைச் சொன்னா சிரிப்பார்! ரெண்டும் ஒரே நேரத்துல விழிச்சிருக்கிற போன் நோக்கியாகிட்ட இருந்து 2011லதான் வந்தது. அதுக்குள்ள சந்தை கை மாற ஆரம்பிச்சிடுச்சு. 2006ல ஸ்ரீபெரும்புதூர்ல திறந்த நோக்கியா ஆலை 2014 நவம்பர்ல மூடினது. வரிப் பிரச்சினை, மைக்ரோசாஃப்டுக்கு போன் தொழிலை வித்தது, ஸ்மார்ட்போன்ல பின்தங்கினதுன்னு காரணங்கள் பெருசு. ரெண்டு சிம்மை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்தத் தாமதம் இந்திய கிராமத்துச் சந்தையை அவங்க எப்படிப் பார்த்தாங்கன்னு காட்டுது.

ராம்குமாரோட காப்புரிமை ரத்தான அதே 2012ல, ஆகஸ்ட் மாசம், கலிஃபோர்னியாவில சாம்சங் ஆப்பிளுக்கு 105 கோடி டாலர் கொடுக்கணும்னு ஜூரி தீர்ப்பு சொன்னது. அப்புறம் தொகை குறைஞ்சு, ஏறி இறங்கி, 2018 ஜூன்ல சமரசம் ஆச்சு. அது போனோட தோற்றத்துக்கும் தொடுதிரைப் பழக்கத்துக்குமான சண்டை.

சமரசம் ஆகி மூணு மாசத்துல, 2018 செப்டம்பர்ல, ஐபோன்ல முதல் தடவையா ரெண்டு நம்பர் வச்சுக்க வழி வந்தது. ஒண்ணு அட்டை, இன்னொண்ணு இ-சிம். சீனாவுக்குப் போன சில மாடல்கள்ல மட்டும் ஒரே தட்டோட ரெண்டு பக்கத்திலயும் ரெண்டு அட்டை. சைனா செட் வச்சிருந்த எங்க ஊர் கரும்பு வண்டிக்காரங்ககிட்ட அது பத்து வருஷம் முன்னாடியே இருந்தது.