மேய்ச்சல் தரையும் உலக மாநாடும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் வீதியில் ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை ஆகியவற்றைக் கடந்தால் சித்தாண்டி வரும். வயலும் மாட்டுப் பட்டியும் முருகன் கோயிலும் கொண்ட பழைய ஊர். 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் இவ்வூரின் வீதியோரத்திலே கால்நடைப் பண்ணையாளர்கள் வந்து அமர்ந்தார்கள். மேற்கே, மாவட்ட எல்லையிலுள்ள மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளில் வெளியிலிருந்து வந்தோர் நிலம் பிடித்துப் பயிர் செய்கின்றனர் என்றும், தம் மாடுகள் கொல்லப்படுகின்றன என்றும் அவர்கள் முறையிட்டனர். அந்நிலத்தை மேய்ச்சல் தரையென வர்த்தமானியிற் பிரகடனம் செய்க என்பதே கோரிக்கை. அவர்களோடு சேர்ந்து அமர்ந்துவிட்டுத் திரும்பிய பல்கலைக்கழக மாணவர் சிலர் அவ்வாண்டு நவம்பரிற் கைதாயினர். போராட்டமோ ஓராண்டையும் கடந்து நீண்டது.

இலங்கை அரசு கைச்சாத்திட்ட இயற்கைப் பாதுகாப்பு உடன்படிக்கைகளை ஒரு பக்கமும், சித்தாண்டி வீதியோரத்துக் கொட்டகையை மறுபக்கமும் வைத்து நோக்க விரும்புகிறோம். உலக அரங்கில் “இலங்கை” என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் யார்? இவ்வினாவுக்கு விடை தேட வரலாற்றிற் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

இந்நாட்டிற் காட்டு விலங்குகளைக் காக்கும் அமைப்பு முதலில் 1894இல் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர்கள் வேட்டைப் பிரியர்கள். அவர்களிற் பெரும்பாலோர் வெள்ளைத் தோட்டத் துரைமார். காட்டை அழித்துக் கோப்பியும் தேயிலையும் நட்ட வர்க்கமே, சுடுவதற்கு விலங்கு மிஞ்சாது போய்விடுமோ என்று கவலையுற்றது. அக்கவலை சட்டமாகி, 1937ஆம் ஆண்டின் தாவர விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமாயிற்று. 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசிய வனங்களாயின. நன்மை எதுவும் விளையவில்லை என்று நாம் கூறவில்லை. யானையும் கரடியும் இன்றும் அங்கு உலவுவதற்கு அச்சட்டமும் ஒரு காரணம். ஆயினும் காட்டின் ஓரத்தில் வாழ்ந்தவனை அச்சட்டம் அயலானாகவே கண்டது.

1948இல் பிரான்சின் பொந்தேன்புளோவில் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேசச் சங்கம் உருவாயிற்று. இலங்கை சுதந்திரம் பெற்றதும் அவ்வாண்டிலேயே. அடுத்த ஆண்டு வனசீவராசிகளுக்கெனத் தனித் திணைக்களம் ஒன்று இங்கு நிறுவப்பட்டது. அதே காலத்திலேயே கல்லோயாத் திட்டமும் தொடங்கிற்று. அணை எழும்பியது, குடியேற்றம் நிகழ்ந்தது, நீரேந்து பிரதேசத்தைக் காப்பதற்கென 1954இல் கல்லோயாத் தேசிய வனம் பிரகடனமாயிற்று. கீழே குடியேற்றம், மேலே வனம் என்ற இந்த அமைப்பே பின்னர் கிழக்கிலங்கைக்கு விதியாக வாய்த்தது.

1977இன் பின் துரித மகாவலித் திட்டம் வந்தபோது வெளிநாட்டுப் பணமும் வந்தது. பணத்தோடு சூழல் மதிப்பீடும் வந்தது. அழிபடும் காட்டிலிருந்து விலங்குகள் ஒதுங்க இடம் வேண்டும் என்ற ஆலோசனையின்படி அமெரிக்க உதவியுடன் புதிய வனங்கள் வகுக்கப்பட்டன. 1983இல் மாதுறு ஓயாத் தேசிய வனம் பிரகடனமாயிற்று. அங்கு தலைமுறை தலைமுறையாக வேட்டையாடித் தேனெடுத்து வாழ்ந்த வேடர்கள் வெளியேற்றப்பட்டனர். விலங்குக்கு இடம் தேடிய அறிக்கை மனிதனின் இடத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் அம்மக்கள் வாளாவிருக்கவில்லை. அவர்களது தலைவர் ஊறுவரிகே வன்னியா 1996இல் ஜெனீவா சென்று, பூர்வீகக் குடிகள் பற்றிய ஐக்கிய நாடுகள் செயற்குழுவின் முன் தம் மக்களின் குறையை எடுத்துரைத்தார். இலங்கையின் பிரதிநிதித்துவம் பற்றிப் பேசுவோர் இந்தப் பயணத்தை நினைவில் வைத்தல் நன்று.

அந்த மகாவலித் திட்டத்தின் ‘பீ’ வலயத்துக்குள்ளேயே மயிலத்தமடுவும் மாதவணையும் அடங்கின. கடுதாசியில் அவை அபிவிருத்திக்குரிய காணி. பட்டிக்காரனுக்கு அவை வேறு. பெரும்போக விதைப்புத் தொடங்கும்போது சித்தாண்டி, கிரான், செங்கலடிப் பகுதி வயல்களில் மாட்டுக்கு இடமில்லை. பயிருக்குள் மாடு இறங்கினால் வழக்கு. எனவே பட்டிகளைச் சாய்த்துக்கொண்டு மேற்கே செல்ல வேண்டும். மழைக்காலம் முழுவதும் மேட்டுப் புல்லில் மாடுகள் மேயும், கன்றுகள் பிறக்கும், பால் ஊருக்கு வரும். தை, மாசியில் அறுவடை முடிந்ததும் பட்டிகள் கிழக்கே திரும்பி அரிதாளில் மேயும்; அவற்றின் சாணம் அடுத்த போகத்துக்கு எருவாகும். வயலும் தரையும் ஒன்றுக்கொன்று கடன் கொடுத்து வாங்கும் இந்த ஒழுங்கை எந்தப் பொறியியலாளனும் வரைந்து கொடுக்கவில்லை. தரை போனால் மாடு போகும். மாடு போனால் வயலுக்குரிய எருவும் போகும். மேலும், முந்தனையாறு அந்த மேற்குப் புறத்து நீரைச் சேர்த்துக்கொண்டே மட்டக்களப்பு வாவியின் வடபுறத்தில் விழுகின்றது. மேட்டில் மண் கிளறப்பட்டால் அது வாவியில் வந்து படியும். 2011 சனவரி வெள்ளத்தை அனுபவித்தவர்களுக்கு, மேற்கில் நிற்கும் காடும் புல்லும் எதற்கு என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

வாவியைப் பற்றியும் சிறிது கூறுவோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாவியை நம்பி வாழும் மீனவக் குடும்பங்கள் பல ஆயிரம். ஈரநிலங்களைக் காப்பதற்கு ஈரானின் ராம்சார் நகரில் 1971இல் உருவான உடன்படிக்கையில் இலங்கை இணைந்த நாள் 1990 யூன் 15. அதற்கு நான்கு நாள் முன்னரே மட்டக்களப்பிற் போர் மீண்டும் மூண்டிருந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் நாள், சித்தாண்டியின் அயலூரான வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்களுள் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. உடன்படிக்கை இலங்கையில் நடைமுறைக்கு வந்தது ஒக்டோபர் 15இல். ஈரநிலத்தின் கரையில் வாழ்ந்தவனை அன்று எவர் கேட்டிருக்க முடியும்? போர்க்காலத்திற் பாதுகாப்பின் பெயரால் வாவிக்கரைக் கண்டல்கள் பல இடங்களில் வெட்டப்பட்டன. அதே இலங்கை 2018இல் பொதுநலவாய நாடுகளின் நீலச் சாசனத்தின் கீழ் கண்டற்காடுகளுக்கான முன்னோடி நாடாகப் பொறுப்பேற்றது. வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு போலும்.

1990இல் புந்தலவில் தொடங்கி 2013இல் வில்பத்து வரை ஆறு ஈரநிலங்கள் ராம்சார் பட்டியலுக்குச் சென்றன. அவ்வாறில் மட்டக்களப்பு வாவி இல்லை. பட்டியலில் இல்லையென்றால் கடப்பாடும் இல்லை என்று எண்ணுதல் தவறு. அவ்வுடன்படிக்கையின் மூன்றாம் உறுப்புரை, பட்டியலிட்டவற்றை மட்டுமன்றி நாட்டிலுள்ள ஈரநிலங்கள் அனைத்தையும் இயன்றவரை விவேகத்துடன் பயன்படுத்துமாறு கூறுகின்றது. 1999இல் கொஸ்தா ரிக்காவிற் கூடிய அதன் மாநாடு, ஈரநில நிருவாகத்தில் உள்ளூர் மக்களைப் பங்குகொள்ளச் செய்வதற்கு வழிகாட்டு நெறிகளையும் ஏற்றுக்கொண்டது. 1994இல் இலங்கை ஏற்புறுதி செய்த உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கையின் எட்டாம் உறுப்புரையோ, மரபுவழி வாழும் சமூகங்களின் அறிவையும் நடைமுறையையும் மதித்துப் பேணுமாறு அரசுகளைக் கேட்கின்றது. இவை இரவல் இலட்சியங்கள் அல்ல. நமது அரசு ஒப்பமிட்டவை. ஆசிரியரும் மாணவரும் இவற்றைப் படித்து வைத்திருத்தல் வேண்டும்.

நம் கிராமத்தானின் அறிவு உலக மன்றத்தில் எடுபடாது என்பார்க்கு ஒரு சான்று தருவோம். தன்யூப் ஆற்று அணைகள் பற்றிய ஹங்கேரி, சிலோவாக்கிய வழக்கில் 1997 செப்டெம்பரில் ஹேக் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போது அதன் உபதலைவராயிருந்த இலங்கையர் கிறிஸ்தோபர் வீரமந்திரி தனியே ஓர் அபிப்பிராயம் எழுதினார். நிலைத்து நீடிக்கும் அபிவிருத்தி என்னும் கோட்பாடு நேற்றுப் பிறந்ததன்று என்று காட்டுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் முதன்மையானவை இலங்கையின் பழைய குளங்களும் வாய்க்கால்களுமே. குளம் கட்டிய உழைப்பாளியின் அறிவு ஐரோப்பிய அரசுகள் இரண்டின் வழக்கிலே சான்றாக நின்றது. குளத்துக்குக் கிடைத்த மதிப்பு மேய்ச்சல் தரைக்கு ஏன் கிடைக்கலாகாது?

அம்மதிப்புக்கான வாயில் ஒன்றும் திறந்தது. மொங்கோலியா முன்மொழிய, 2022 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் கால்நடை மேய்ப்போருக்குமான சர்வதேச ஆண்டாக அறிவித்தது. பரந்த புல்வெளிகளின் மேய்ப்போர் பேசுகையில், மயிலத்தமடுவின் பட்டிக்காரனும் அவர்களுக்கு உறவினனே. ஆயின் அவனுடைய தரையைப் பற்றி மாநாட்டில் யார் கூறுவார்? திணைக்கள அறிக்கையில் அது ‘பீ’ வலயக் காணி என்ற இரண்டு சொற்களாய்ச் சுருங்கலாம்.

இங்கேதான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கும் சித்தாண்டிப் பாடசாலைகளுக்கும் ஒரு வேலை இருக்கின்றது. பட்டிகள் எந்த மாதத்தில் எவ்வழியே மேற்கே சென்றன, எந்த மடுவில் நீர் குடித்தன, எந்தப் புல் எந்த மழைக்கு முளைக்கும், எந்த ஆண்டில் எந்த வழி அடைபட்டது என்பனவெல்லாம் முதிய பட்டிக்காரர்களின் நினைவிலே இருக்கின்றன. மாணவர்கள் அவர்களோடு அமர்ந்து, இவற்றை ஊர்ப்பெயர், ஆண்டுக் கணக்குடன் எழுதி, வரைபடமாக்க வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அது வெளிவர வேண்டும். பொலன்னறுவைப் பக்கத்து ஏழை விவசாயியும் அதை வாசிக்கட்டும். அவனைக் காணியற்றவனாக வைத்திருந்து எல்லைக்கு அனுப்புவோர் வேறு யாரோ என்பதை அவனும் அறிவான். வீதியோரக் கொட்டகையிலேயே இவ்வேலையைத் தொடங்கியிருக்கலாம். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. நடந்தே மாதவணைக்குப் பட்டி சாய்த்தவர்கள் சித்தாண்டியிலே இன்னும் இருக்கிறார்கள்.