வற்றாத ஆறு என்னும் அனுமானம்: முதுநிலைச் சுற்றுச்சூழல் பொறியியல் கல்வியை நொய்யலில் வைத்துப் பார்த்தல்

முதுநிலைச் சுற்றுச்சூழல் பொறியியலில் சேரும் மாணவர் தொடக்கத்திலேயே ஒரு வளைவை வரையக் கற்றுக்கொள்கிறார். சாக்கடை வந்து கலக்கும் இடத்திலிருந்து கீழே போகப் போக ஆற்றுநீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைகிறது. ஓரிடத்தில் அடிமட்டத்தைத் தொடுகிறது. பிறகு மெல்ல ஏறித் தேறுகிறது. கரண்டிக் குழிபோன்ற இந்தக் கோட்டுக்கான சமன்பாட்டை ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றை ஆராய்ந்து 1925இல் வெளியிட்டார்கள். நூறாண்டு ஆகியும் அது பாடநூலை விட்டு அகலவில்லை. அகலவேண்டிய தேவையும் இல்லை. கணிதம் சரியானது. ஆனால் அந்த வளைவுக்கு அடியில் ஓர் ஆறு ஓடிக்கொண்டே இருக்கிறது. சித்திரையிலும் ஓடுகிறது, ஐப்பசியிலும் ஓடுகிறது. நம் மாணவர் தேர்வெழுதிப் பட்டம் பெற்று வேலைக்குப் போகும் ஊரில் ஓடுவது அந்த ஆறன்று.

முதுநிலைப் பாடத்தின் அளவுகோல்கள் பலவும் வற்றாத ஆறு ஒன்றை மௌனமாக எடுத்துக்கொண்டு உருவானவை என்பதும், அந்த அனுமானத்தைச் சொல்லாமலே சூத்திரத்தை மட்டும் கற்பிப்பதால் நம் படிப்பு நம் சிக்கலின் நடுப்பகுதியைத் தவறவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம். பாடத்திட்டத்தில் நவீன மென்பொருள் போதவில்லை, ஆய்வுக்கூடத்தில் கருவி இல்லை என்ற வழக்கமான குறைகளை நான் இங்கே பேசவரவில்லை. அவை பணத்தால் தீரும். இது அப்படித் தீராது.

அளவுகோலின் பிறப்பிலிருந்து தொடங்கலாம். பிரிட்டனில் கழிவுநீர் அகற்றலை ஆராய 1898இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் 1915 வரை இயங்கியது. அதன் எட்டாவது அறிக்கை 1912இல் வந்தது. சுத்திகரித்த நீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது நாம் அன்றாடம் பி.ஓ.டி. என்று சொல்வது, லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, நீரில் தொங்கி நிற்கும் திடப்பொருள் 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று அது பரிந்துரைத்தது. இந்த 20 எங்கிருந்து வந்தது என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. கணக்கு மிக எளிது. ஓரளவு தூய்மையான ஆற்றின் பி.ஓ.டி. 2 என்று வைத்துக்கொண்டார்கள். 4ஐத் தாண்டினால் ஆறு கெடத் தொடங்கும் என்று கண்டார்கள். ஒரு பங்கு கழிவுநீருக்கு எட்டுப் பங்கு ஆற்றுநீர் கிடைக்கும் என்று கொண்டார்கள். எட்டுப் பங்கில் பங்குக்கு 2 வீதம் 16, அதோடு கழிவுநீரின் 20, மொத்தம் 36. ஒன்பதால் வகுத்தால் 4. அவ்வளவுதான்.

அந்த எட்டை எடுத்துவிட்டுச் சுழியைப் போட்டுப் பாருங்கள். கலந்த பிறகு வருவது 4 அன்று, 20. கழிவுநீர் ஆற்றில் கலக்கவில்லை, கழிவுநீரே ஆறாகிவிட்டது.

இந்தியாவில் தொழிற்கழிவுக்கான பொதுத் தரம் மேற்பரப்பு நீர்நிலைகளில் விடுவதற்குப் பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்று விதிக்கிறது. நீர்த்தல் எவ்வளவு என்ற கேள்வி அந்த எண்ணுக்குள் எங்கோ புதைந்துபோய்விட்டது. இதில் ஒரு சுவையான முரண் உண்டு. பி.ஓ.டி. சோதனையை ஐந்து நாள் வைத்துப் பார்ப்பது பிரிட்டன் வழக்கம். அங்குள்ள ஆறுகள் கடலைச் சேர அதற்குமேல் நாள் எடுப்பதில்லை என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். நம் நாட்டில் அதை 27 டிகிரி செல்சியஸில் மூன்று நாளாக மாற்றிக்கொண்டார்கள். வெப்பம் கூடினால் நுண்ணுயிர் விரைந்து வேலைசெய்யும். 20 டிகிரியில் ஐந்து நாளில் நடப்பது இங்கே ஏறத்தாழ மூன்று நாளில் நடந்துவிடும். அறிவார்ந்த திருத்தம். ஆக, ஆய்வுக்கூட அலமாரியின் வெப்பநிலையை நம் ஊருக்கு மாற்றிக்கொண்டவர்கள் வெளியே இருக்கும் ஆற்றை மாற்றிக்கொள்ளவில்லை.

இதற்குத் துறையின் வரலாற்றிலும் காரணம் இருக்கிறது. சுற்றுச்சூழல் பொறியியல் இங்கே பொதுச் சுகாதாரப் பொறியியலின் மறுபெயராகவே வந்தது. குடிநீரில் காலரா வராமல் பார்த்துக்கொள்வதும் ஊர்ச் சாக்கடையை ஊருக்கு வெளியே கொண்டுசெல்வதும் அதன் இரு வேலைகள். நாக்பூரில் 1958இல் மத்தியப் பொதுச் சுகாதாரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் என்று தொடங்கப்பட்டது 1974இல் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் ஆயிற்று. தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்ததும் அதே 1974இல்தான். பெயர்ப்பலகை ஓராண்டில் மாறிவிடும். பாடத்தின் உள்ளுடல் அவ்வளவு சீக்கிரம் மாறாது. வண்டல் தொட்டி, காற்றூட்டும் தொட்டி, கசடு செரிப்பான் என்ற வரிசை மனிதக் கழிவை நினைத்து அமைந்தது. மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் 1914இல் கண்டறிந்த கிளர்வுறு கசடு முறை இன்றும் அந்த வரிசையின் இதயம். அழுகக்கூடியதை நுண்ணுயிருக்கு உணவாக்குவது அதன் தத்துவம்.

உப்பு அழுகாது. தமிழ்நாட்டுச் சிக்கல் தொடங்கும் இடம் அதுதான்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு வழியாகக் கரூர் மாவட்டத்தில் காவிரியைச் சேர்கிறது. மழைக்காலத்தில் மட்டுமே பெருகும் ஆறு. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் வளர்ந்தபோது சாயப்பட்டறைகள் இந்த ஆற்றை ஒட்டியே பெருகின. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது, சாயம் துணியை நோக்கி நகர உப்பு வேண்டும். காகிதத்தில் ஒரு கணக்குப் போடலாம். ஒரு டன் துணி. துணியைப் போல எட்டு மடங்கு நீர். லிட்டருக்கு 60 கிராம் உப்பு. அப்படியென்றால் 8,000 லிட்டர் நீரில் 480 கிலோ உப்பு. சாயத்தில் ஒரு பகுதியாவது துணியில் தங்குகிறது. உப்பில் ஒரு கிராம்கூடத் தங்குவதில்லை. தன் வேலை முடிந்ததும் அப்படியே கழிவுநீரோடு போகிறது. காற்றூட்டும் தொட்டிக்குள் 480 கிலோ நுழைந்தால் 480 கிலோ வெளியே வரும். நுண்ணுயிருக்கு அதில் செய்வதற்கு எதுவும் இல்லை.

எனவே பி.ஓ.டி. தரத்துக்கு உட்பட்டு, நிறமும் நீக்கி, கண்ணாடிபோல் தெளிந்த நீரை வெளியே விட்ட நாளிலும் நொய்யலின் உப்பு குறையவில்லை. மொத்தக் கரைதிடம் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்ற விதி காகிதத்தில் இருந்தது. பாசனத்துக்கென 1990களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. அணையிலிருந்து தண்ணீரைத் திறக்கச் சொல்லிப் போராடுவதுதான் உழவர் வழக்கம். திறக்காதே என்று போராட வேண்டிய நிலை இங்கே வந்தது. நொய்யல் பாசனதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். மாசுபடுத்தியவரே பொறுப்பு என்ற நிலையை 2009இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு, திருப்பூர்க்காரர்கள் வாயில் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ என்று வழங்குவதற்கு, தொழில் தள்ளப்பட்டது.

இந்த முறை பெற்றிருக்கும் நற்பெயர் முழுக்கத் தகுதியில்லாததன்று. நீரில் பெரும்பகுதி பட்டறைக்கே திரும்புகிறது. சோடியம் சல்பேட்டைப் பிரித்தெடுத்து மீண்டும் சாயமேற்றவும் பயன்படுத்துகிறார்கள். ஆயினும் முதுநிலை மாணவர் கேட்கவேண்டிய கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. இன்னொரு காகிதக் கணக்கு. 100 கனமீட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் உப்பு. ஆக 600 கிலோ. ஆர்.ஓ. சவ்வில் 85 கனமீட்டர் நல்ல நீராக வந்துவிட்டது என்று கொள்வோம். எஞ்சிய 15 கனமீட்டரில் அந்த 600 கிலோவும் நெருக்கியடித்து நிற்கிறது. அதை ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,257 கிலோஜூல் வெப்பம் தேவை. அடுக்கடுக்கான ஆவியாக்கிகளில் ஒரே நீராவியை மூன்று நான்கு முறை பயன்படுத்தினாலும், பாய்லரின் இழப்பையும் சேர்த்துப் பார்த்தால், முக்கால் டன் முதல் ஒரு டன் வரை காய்ந்த விறகு எரியும். ஆற்றைக் காப்பாற்ற எங்கோ ஒரு தோப்பு புகையாகிறது. கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை வாங்க ஆளில்லை. அது மூட்டைகளில் கொட்டகைக்குள் அடுக்கப்படுகிறது. ‘ஜீரோ’ என்பது நீருக்கு மட்டுமே பொருந்தும் சொல்.

இந்தக் கணக்கில் உயர்கணிதம் எதுவும் இல்லை. நிறைச் சமன்பாடு இளநிலை மாணவருக்கே தெரியும். உள்ளே வந்தது எங்கே போயிற்று என்று கேட்பதும், நீர், காற்று, நிலம் என்ற மூன்று தாள்களின் எல்லையைத் தாண்டி அந்தக் கேள்வியைத் துரத்துவதும்தான் முதுநிலைப் பயிற்சி. நம் பாடத்திட்டங்களில் கழிவுநீர் ஒரு தாள், காற்று மாசு ஒரு தாள், திடக்கழிவு ஒரு தாள். உப்பு முதல் தாளில் நுழைந்து இரண்டாவதில் புகையாகி மூன்றாவதில் மூட்டையாகிறது. மூன்று தாளிலும் தேர்ச்சி பெற்றவர்கூட இது ஒரே உப்பு என்பதைக் கவனிக்காமல் பட்டம் வாங்கிவிட முடியும்.

பாலாற்றின் கதை இன்னும் ஒரு படி ஆழமானது. ஆற்றில் மேலே தண்ணீர் தெரிவது அபூர்வம். மணலுக்கு அடியில் ஓடும் நீரை ஊற்றுக்கால் வெட்டி எடுத்தே வேலூர்ப் பகுதி வாழ்ந்தது. அப்படிப்பட்ட ஆற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவை விடுவதை ‘மேற்பரப்பு நீர்நிலையில் விடுதல்’ என்று வகைப்படுத்துவதே பிழை. அது நிலத்தடி நீருக்குள் ஊற்றுவது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் அளித்த தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் மாசுபடுத்தியவரே ஈடுசெய்வதையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்ததற்காகப் புகழ்பெற்றது. சட்டக் கல்லூரியில் அதைப் பாடமாக வைக்கிறார்கள். ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டது என்று அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருப்பதைப் பொறியியல் மாணவரும் படிக்கவேண்டும். கழிவு போன வழியை அது காட்டுகிறது.

மாணவர் ஆய்வேடுகளைப் பார்க்கும்போது இந்த இடைவெளி கண்கூடாகத் தெரிகிறது. தேங்காய்ச் சிரட்டை, வேப்பிலை, புளியங்கொட்டை, நிலக்கடலைத் தோல் என எதையாவது கரியாக்கி, காய்ச்சி வடித்த நீரில் மெத்திலீன் ப்ளூ கலந்து, பரப்புக் கவர்ச்சியால் நிறம் எத்தனை விழுக்காடு நீங்கியது என்று அளந்து, லாங்மியர், ஃப்ராய்ண்ட்லிச் கோடுகளில் எது பொருந்துகிறது என்று முடிவு சொல்லும் ஆய்வேடு ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது. அதைக் கேலிசெய்வது எளிது. நானும் மாணவனாக இருந்தபோது அதற்கு நெருங்கிய ஒன்றைச் செய்தவன்தான். ஆறு மாதத்தில் முடியும், செலவு குறைவு, வரைபடம் அழகாக வரும். ஆனால் மெத்திலீன் ப்ளூ நேர்மின்னேற்றம் கொண்ட சாயம். திருப்பூர்ப் பருத்தியில் ஏறும் ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றை ஆசையோடு பற்றும் கரி மற்றதைத் தள்ளிவிடக்கூடும். அத்துடன் உண்மையான சாயநீரில் உப்பும் காரமும் நிறைந்திருக்கும். காய்ச்சி வடித்த நீரில் அவை இல்லை. சாயத்தைக் குடித்து நிறைந்த கரி எங்கே போகும் என்ற கேள்வி பெரும்பாலும் ‘எதிர்கால ஆய்வுக்கு’ என்ற கடைசிப் பத்தியில் அடைக்கலம் புகும்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் ஒன்று கவனத்துக்குரியது. அறிவியல் அடிப்படைகள் உலகப் பொது. மாணவர் நாளை ஜெர்மனிக்கோ சிங்கப்பூருக்கோ போகலாம். கேட் தேர்விலும் 2021 முதல் இத்துறைக்குத் தனித்தாள் வந்துவிட்டது. நொய்யலையும் பாலாற்றையும் நடுவில் வைத்தால் படிப்பு வட்டாரப் படிப்பாகச் சுருங்கிவிடாதா? ஒரு பகுதி உண்மை இதில் உண்டு. ஆக்சிஜன் கரைவதும் நுண்ணுயிர் பெருகுவதும் எந்த ஊரிலும் ஒன்றே. ஆனால் அந்த எட்டுப் பங்கு நீர்த்தல் அறிவியல் விதியன்று. இங்கிலாந்தின் வட்டார அனுபவம். உலகப் பொது என்று நாம் கற்பிப்பதில் கணிசமான பகுதி வேறொருவரின் வட்டாரம். ஸ்ட்ரீட்டர்-ஃபெல்ப்ஸைக் கைவிடச் சொல்லவில்லை. ஓட்டம் சுழியை நெருங்கும்போது அந்தச் சமன்பாடு எங்கே பொருளிழக்கிறது என்பதையும் அதே வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்காட்ட வேண்டும் என்கிறேன். ஒரு சூத்திரம் எங்கே உடையும் என்று அறிந்த மாணவர் ஜெர்மனியிலும் பிழைத்துக்கொள்வார்.

இன்னொரு எதிர்ப்பு, வேலைவாய்ப்பு சார்ந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஆலோசனை நிறுவனங்களும் கேட்பது தரவரம்பு தெரிந்த ஆளைத்தான் என்பார்கள். அது இன்றைய சந்தை. வரம்பைச் சரிபார்ப்பவரை உருவாக்கப் பட்டயப் படிப்பு போதும்.

மாற்றம் எங்கிருந்து தொடங்கலாம் என்பதற்கு என்னிடம் பெரிய திட்டம் இல்லை. ஒரு சிறு இடையூறு மட்டும் கண்ணில் படுகிறது. ஒற்றைப் பருவம் கார்த்திகை வாக்கில் முடிகிறது. இரட்டைப் பருவம் தையில் தொடங்குகிறது. மாணவர் நீர்மாதிரி எடுப்பது பெரும்பாலும் மாசிக்குள் முடிந்துவிடுகிறது. ஆறு முழுக்க வறண்டு, ஓடுவதெல்லாம் கழிவாகவே இருக்கும் சித்திரை, வைகாசியில் தேர்வும் விடுமுறையும். ஆண்டின் மிக மோசமான இரண்டு மாதங்கள் ஆய்வேடுகளில் இடம்பெறுவதே இல்லை. மின்கடத்துதிறன் அளக்கும் கைக்கருவி விலை அதிகமில்லாதது. கோவைக்கு மேலே ஓரிடம், திருப்பூருக்குக் கீழே ஓரிடம், ஒரத்துப்பாளையத்தில் ஓரிடம் என்று குறித்துக்கொண்டு, ஐப்பசி மழையில் ஒருமுறையும் அக்னி நட்சத்திரத்தில் ஒருமுறையும் அதே மாணவர் அதே இடங்களில் அளக்கும்படி நாள்காட்டியை மாற்றியமைக்க ஒரு பாடத்திட்டக் குழுக் கூட்டம் போதும். ஆற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் அளக்கட்டும்.