தண்ணீரைத் தொலைத்த சொல்

ஹரிக்கேன் என்ற சொல் தமிழ் வீடுகளுக்குள் விளக்காகத்தான் நுழைந்தது. சிம்னியைத் தூக்கி, திரியைக் கொளுத்தி, பக்கத்துத் திருகால் சுடரை அடக்குவோமே, அந்த மண்ணெண்ணெய் விளக்குக்கு 'அரிக்கேன் விளக்கு' என்று பெயர். புயற்காற்றிலும் அணையாது என்பதால் வந்த பெயர் அது. அந்தப் புயல் எந்தக் கடலுடையது என்று விசாரித்தவர்கள் குறைவு.

சொல் கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களுடையது. அங்கே போய் இறங்கிய ஸ்பானியர்கள் புயலைப் பார்த்து மிரண்டு, அதன் பெயரையும் ஊர்க்காரர்களிடமே வாங்கிக்கொண்டார்கள். புதிய நாடுகளின் வரலாற்றை 1535-இல் அச்சிட்ட ஒவியேதோ, இது தீவு மொழியில் அளவு மீறிய புயலைக் குறிக்கும் என்கிறார். பெருங்காற்றும் பெருமழையும் சேர்ந்து வந்தாலும், இரண்டில் ஒன்று மட்டும் வந்தாலும் அதே பெயர்தான் என்பது அவர் தரும் விளக்கம். மாயா மக்களின் 'போபோல் வூ' நூலில் ஹுராகான் என்றொரு தெய்வம் வருவதைக் காட்டி, சொல்லின் வேர் அங்கேதான் என்று வாதிடுவோர் உண்டு. ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக உறவு கொண்டாடிவிட முடியாது. நான் தீவோடு நின்றுகொள்கிறேன்.

ஸ்பானிய மொழியிலிருந்து சொல் கிளை பிரிந்தது. போர்ச்சுகீசியரிடம் 'ஃபுரகாவ்', பிரெஞ்சுக்காரரிடம் 'ஊரகான்', ஜெர்மானியரிடம் 'ஓர்க்கான்'. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் நிலைகொள்ள வெகுகாலம் பிடித்தது. ஷேக்ஸ்பியர் 'ஹரிக்கானோ' என்று எழுதினார். 'லியர் அரச'னிலும் 'ட்ராய்லஸ் அண்ட் கிரெசிடா'விலும் அவர் அந்தச் சொல்லால் குறித்தது கடலிலிருந்து வானுக்கு எழும்பும் நீர்த்தாரையை. அதுவரை சொல்லுக்குள் தண்ணீர் இருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை வடித்தவர்கள் மாலுமிகள். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் 1806-இன் தொடக்கத்தில் காற்றுக்கு எண் போட்டுப் பட்டியலிட்டார். பின்னாளில் நிலைபெற்ற அந்த அளவையில் உச்சப் படி 12. அதன் பெயர் ஹரிக்கேன். எந்தப் பாயும் தாங்காத காற்று என்பது அதன் இலக்கணம். பாய்மரக் கப்பல்காரனுக்கு அது போதும். நடுக்கடலில் அவன் பயம் காற்றின் மேல். ஊருக்குள் கடல் புகுவது அவன் கவலையில்லை.

அந்த இலக்கணம்தான் இன்று மணிக்கு 119 கிலோமீட்டர் என்ற எண்ணாக நிற்கிறது. அட்லாண்டிக் புயல் அந்த வேகத்தைத் தொட்டால் ஹரிக்கேன். அதற்கு மேலும் படி கட்டினார்கள், கட்டடப் பொறியாளர் ஹெர்பர்ட் சாஃபிரும் அமெரிக்கத் தேசிய ஹரிக்கேன் மையத்தின் இயக்குநர் ராபர்ட் சிம்ப்சனும். 252 கிலோமீட்டரைத் தொட்டால் ஐந்தாம் வகை. சிம்ப்சன் ஒவ்வொரு வகைக்கும் இத்தனை அடி கடல் ஏறும் என்ற கணக்கையும் சேர்த்திருந்தார். கடல் அந்தக் கணக்குக்கு உடன்படவில்லை. 2004-இல் புளோரிடாவைத் தாக்கிய சார்லி நான்காம் வகை. கடல் எழுந்தது 6 முதல் 8 அடி. 2008-இல் டெக்சாஸ் கரையேறிய ஐக் இரண்டாம் வகைதான்; கடலோ 15 முதல் 20 அடி. சார்லி சிறிய உருவம், ஐக் மிகப் பரந்தது. புயலின் அகலம், நகரும் வேகம், கரையை வெட்டும் கோணம், கரையோரக் கடலின் ஆழம் எல்லாம் சேர்ந்து முடிவு செய்வதை ஒரு காற்று எண் எப்படிச் சொல்லும்? 2010-இல் மையம் நீர்க்கணக்கை அளவையிலிருந்து எடுத்தே விட்டது. நேர்மையான முடிவுதான். ஆனால் சொல்லில் மிச்சமிருந்த ஈரமும் அத்தோடு போயிற்று. வகை குறைந்தால் ஆபத்தும் குறைந்தது என்று கரையில் இருப்பவர் எண்ணுவது இன்றும் நிற்கவில்லை.

2012 அக்டோபர் 29 மாலை சாண்டி புயல் நியூஜெர்சியை நெருங்கியது. காற்று மணிக்கு சுமார் 130 கிலோமீட்டர், எண்படி ஹரிக்கேன்தான். ஆனால் கரையேறுவதற்குச் சற்று முன் அது வெப்பமண்டலப் புயலின் அமைப்பை இழந்துவிட்டது, அதனால் பெயரையும் இழந்தது. இந்த மாற்றம் முன்கூட்டியே தெரிந்திருந்ததால், பாதியில் எச்சரிக்கையின் பெயரை மாற்றிக் குழப்ப வேண்டாம் என்று, வட கரோலினாவுக்கு வடக்கே ஹரிக்கேன் எச்சரிக்கையே விடவில்லை. வேறு பெயர்களில் எச்சரிக்கைகள் போயின. நியூயார்க்கின் சுரங்க ரயில் பாதைகளில் கடல் புகுந்தது. மறுவருடமே விதி மாறியது: அமைப்பு மாறினாலும் எச்சரிக்கையைத் தொடரலாம். 2017-இலிருந்து கடலேற்றத்துக்கென்றே தனி எச்சரிக்கை வந்தது.

அமெரிக்கக் கரையோரக் காப்பீட்டுப் பத்திரங்களில் ஒரு நிபந்தனை உண்டு. சேதம் ஹரிக்கேனால் வந்தால், வீட்டின் காப்பீட்டு மதிப்பில் குறிப்பிட்ட சதவீதத்தை வீட்டுக்காரரே ஏற்க வேண்டும். சாண்டி கரையேறியபோது அது ஹரிக்கேன் இல்லையே என்று சொல்லி, அந்தப் பிடித்தத்தைச் செய்யக் கூடாதென நியூயார்க், நியூஜெர்சி அரசுகள் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அறிவித்தன.