கிராம சுகாதார செவிலியரின் பணிநடத்தை

கிராம சுகாதார செவிலியர், துணை சுகாதார நிலையத்தில் இருந்து தாய் சேய் நலம், தடுப்பூசி, குடும்ப நலம் ஆகியவற்றைக் கவனிக்கும் அரசு ஊழியர். ஊரில் இவர் ‘நர்சம்மா’. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது அளவு. இன்றைய பணியமைப்பு 1973இல் கர்தார் சிங் குழு பரிந்துரைத்த பல்நோக்குப் பணியாளர் முறையிலிருந்து வந்தது. இவரைப் பகுதி சுகாதார செவிலியரும், வட்டார அளவில் சமுதாய சுகாதார செவிலியரும் மேற்பார்வை செய்கின்றனர்.

இவரது பணிநடத்தையை வெறும் தனிமனிதக் குணமாகக் கொள்வது பிழை. படிப்பு, மேற்பார்வை, வேலைப்பளு, ஊரின் நம்பிக்கை எல்லாம் சேர்ந்தே அதை உருவாக்குகின்றன. அவற்றுள் ஊரின் நம்பிக்கையே கனமானது.

அந்த நம்பிக்கை, வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில் செவிலியர் வந்து நிற்பதில் தொடங்குகிறது. தஞ்சாவூர்–பட்டுக்கோட்டைச் சாலையில் உள்ள ஒரத்தநாட்டை எடுத்துக்கொள்ளலாம். கல்லணைக் கால்வாய் பாயும் நெல் வட்டாரம் இது. நடவும் களையெடுப்பும் நடக்கும் நாட்களில் பெண்கள் விடிந்ததும் வயலுக்குப் போய்விடுவார்கள். பத்து மணிக்கு வீடு தேடி வரும் செவிலியருக்குப் பூட்டிய கதவுதான் மிஞ்சும். கர்ப்பிணியைப் பார்க்க வரப்புக்கே போக வேண்டும், இல்லையேல் பொழுது சாய்ந்து போக வேண்டும். நிலையத்திலேயே குடியிருப்பவருக்கு இது முடியும். தஞ்சாவூரிலிருந்து பேருந்தில் வந்துபோகிறவருக்குக் கடினம். ஆனால் குடியிருப்பு பழுதாகி, இரவில் தனியே இருக்கும் பெண்ணுக்குப் பாதுகாப்பும் இல்லாதபோது, தங்கவில்லை என்று அவரைக் குறை சொல்வது அநியாயம்.

மேலிடத்து ஆணைகளும் நடத்தையை மாற்றும். கருத்தடைக்கு இலக்கு வைத்திருந்த காலத்தில் செவிலியரின் பேச்சு ஆள் சேர்ப்பதிலேயே போய் நின்றது. 1996 ஏப்ரலில் நாடு முழுதும் அந்த இலக்குகள் கைவிடப்பட்டன. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பின் 4 குழந்தைகள் இறந்தனர். அதன்பின் கிராமங்களில் போட்டுவந்த தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றப்பட்டது. ஓரிடத்துத் துயரம், மாநிலம் முழுதும் செவிலியரின் அன்றாடத்தை மாற்றியது.

நிதியுதவித் திட்டமும் செவிலியரின் வேலையை மாற்றுகிறது. 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இன்று கர்ப்பிணிகளைப் பதியும் ‘பிக்மி’ இணையதளத்தின் பதிவு எண்ணோடு இணைந்திருக்கிறது. அதனால் கர்ப்பிணிகள் நேரத்தோடு பதிய வருகிறார்கள். அந்தப் பதிவு வேலையோ செவிலியர் வீடு வீடாகச் செல்லும் நேரத்தைத் தின்கிறது.

ஆகவே, நெல் வட்டாரங்களில் வீடு செல்லும் நேரத்தைப் பயிர்ப் பருவத்துக்கு ஏற்பச் செவிலியரே வகுத்துக்கொள்ளும் உரிமையைச் சுகாதாரத் துறை தர வேண்டும்.